கண் அழுத்தம் சரியாக இருந்தும் பார்வை நரம்பு தேய்வது ஏன்?

கேரளத்தின் குமுளிப் பக்கம் தமிழ்வழி அரசுப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் 54 வயது ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தரும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

பிறந்த வீடு கம்பத்தில். மணமாகி மலையேறியவர். கணவர் ஏலத்தோட்டம் பார்க்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கண் முகாமில் அழுத்தம் பார்த்து ‘நார்மல்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதை நம்பி இருந்துவிட்டார். சென்ற ஆண்டு மூக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் பார்வை நரம்பில் குழிவு அதிகமாக இருப்பதைக் கவனித்து, தேனிப் பக்கம் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே க்ளாக்கோமா, அதாவது பார்வை நரம்பு மெல்ல மெல்லத் தேய்ந்து பார்வை குறையும் நோய், என்று உறுதியானது. அன்றைய அழுத்தம் வலது கண்ணில் 16, இடது கண்ணில் 15. கருவிழியின் தடிமன் 498 மைக்ரான். வலது கண்ணின் பார்வைப் பரப்பில், மையத்துக்கு வெகு அருகில், மேல்பக்கம் ஒரு குறை. இரவில் லாட்டனோப்ரோஸ்ட் சொட்டு மருந்து தொடங்கியபின் இரு கண்களிலும் அழுத்தம் 13.

மூன்று மாதங்களுக்கு முன் வலது கண் நரம்பின் விளிம்பில் சிறு ரத்தக்கசிவு தெரிந்தது. பார்வைப் பரப்பும் கொஞ்சம் குறைந்திருந்தது. டிமோலால் என்ற இரண்டாவது சொட்டையும் இரவில் போடச் சொன்னார்கள். மனம் கேட்காமல் கோட்டயம் பக்கம் வேறொரு மருத்துவமனையில் காட்டியபோது, புதுவகை ஸ்கேன் எடுத்து, ‘நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைவு’ என்று அறிக்கை தந்தார்கள். கணவர், “பிரஷர்தான் சரியாக இருக்கிறதே, நோய் ரத்த ஓட்டத்தில் இருக்கும்போது சொட்டு மருந்து எதற்கு?” என்கிறார். மைத்துனர் ஜின்கோ என்ற மூலிகை மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். யோகா வகுப்பில் சிரசாசனம் செய்தால் கண்ணுக்கு ரத்தம் பாயும் என்கிறார்கள். ஆசிரியைக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. குமுளியில் வேறொரு மருத்துவர் தரும் இரண்டு மாத்திரைகளையும் இரவு ஒன்பதரை மணிக்குச் சேர்த்து விழுங்குகிறார். விடியற்காலையில் எழும்போது தலை சுற்றுகிறது. வீட்டுக் கருவியில் அந்த நேரத்தில் 104/62 காட்டுகிறது. சிறு வயது முதல் ஒற்றைத் தலைவலி, குளிரில் விறைத்துப்போகும் விரல்கள், சாரல் காலத்தில் லேசான இளைப்பு.

அவருடைய கேள்விகள்: சொட்டு மருந்தை நிறுத்தலாமா? ரத்த ஓட்டத்தைக் கூட்ட என்ன வழி? பிள்ளைகளுக்கும் வருமா? விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடட்டுமா?

அன்புள்ள டீச்சர்,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய அறிக்கைகளையும் படித்தேன். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் டிமோலால் சொட்டைப் பற்றி, இந்தக் கட்டுரையை முழுக்கப் படிப்பதற்கு முன்பே, உங்கள் கண் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து, “எனக்குச் சாரல் காலத்தில் இளைப்பு வரும்” என்று சொல்லுங்கள். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

உங்கள் வீட்டில் நடக்கும் விவாதம் எனக்குப் புதிதல்ல. ‘இது அழுத்தத்தால் வந்ததா, ரத்த ஓட்டத்தால் வந்ததா’ என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறீர்கள். இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். அதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

கண்ணுக்கு ரத்தம் எப்படிப் போகிறது?

கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் பெரிய தமனியிலிருந்து கண் தமனி பிரிகிறது. அதிலிருந்து மெல்லிய கிளைகள் கண்ணின் பின்புறத்தைத் துளைத்து, பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்துக்கு ரத்தம் கொடுக்கின்றன. அந்த இடம் சல்லடை போன்ற ஒரு தட்டு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இழைகள் அதன் துளைகள் வழியாக வெளியே போகின்றன. கண்ணுக்குள் சுரக்கும் நீரின் அழுத்தம் அந்தத் தட்டைப் பின்னோக்கித் தள்ளுகிறது. இழைகளை நெரிப்பதோடு, அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களையும் அதே அழுத்தம் எதிர்க்கிறது.

உங்களுக்குப் பழக்கமான ஒன்றைச் சொல்கிறேன். தேக்கடியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு முல்லைப் பெரியாற்று நீர் இறங்கி வருகிறது அல்லவா? கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறாமல் போக இரண்டு காரணங்கள் உண்டு. மேலே திறந்துவிடும் அளவு குறைந்திருக்கலாம், அல்லது வயலுக்குள் ஏற்கெனவே நீர் தேங்கி எதிர்த்து நிற்கலாம். பார்வை நரம்பின் தலைப்பகுதி உடம்பின் கடைமடைகளில் ஒன்று. உடம்பின் ரத்த அழுத்தம் மேலேயிருந்து தள்ளுகிறது, கண்ணின் அழுத்தம் எதிர்த்து நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நரம்புக்கு ரத்தத்தைக் கொண்டுபோகும் விசை. எளிமையான கணக்கு ஒன்றை நாங்கள் பயன்படுத்துவோம்: ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணிலிருந்து கண் அழுத்தத்தைக் கழிப்பது. உங்கள் விடியற்காலை எண்களில் 62இலிருந்து 13 போனால் 49.

ஆக, கண் அழுத்தத்தை 16இலிருந்து 13ஆகக் குறைத்தபோது, உங்கள் மருத்துவர் ரத்த ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் வழி செய்திருக்கிறார். ‘நோய் ரத்த ஓட்டத்தில் இருக்கும்போது சொட்டு எதற்கு’ என்று கேட்கும் உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். ரத்த ஓட்டத்துக்கு இன்று எங்கள் கையில் இருக்கும் நிரூபிக்கப்பட்ட மருந்தும் அந்தச் சொட்டுதான்.

‘நார்மல்’ என்ற சீட்டு

முகாமில் கொடுத்த அந்தச் சீட்டின்மீது எனக்குக் கோபம் உண்டு. கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் என்பது மக்கள்தொகையின் சராசரியை வைத்துச் சொல்வது. 21க்குக் கீழே இருந்தால் நரம்பு பாதுகாப்பாக இருக்கும் என்ற உத்தரவாதம் அதில் கிடையாது. தென்மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பிலும், ஆந்திரத்திலும் சென்னையிலும் நடந்த ஆய்வுகளிலும், முதல்வகை திறந்தகோண க்ளாக்கோமா (கண்ணின் நீர் வடியும் கோணம் அடைபடாமலே வரும் வகை) இருந்தவர்களில் பலருக்குப் பரிசோதித்த அன்று அழுத்தம் 21ஐத் தாண்டவில்லை. பத்தில் ஒன்பது பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. அழுத்தத்தை மட்டும் பார்த்து நரம்பைப் பார்க்காமல் விட்டால் இவர்கள் எல்லோரும் ‘நார்மல்’ சீட்டோடுதான் வீடு திரும்புவார்கள்.

உங்களுக்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 498 மைக்ரான் என்பது மெல்லிய கருவிழி. மெல்லிய கருவிழியில் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். உங்கள் 16 உண்மையில் 16க்கும் மேலே இருந்திருக்கலாம். அதைத் துல்லியமாகத் திருத்தும் சூத்திரம் எதையும் நான் நம்புவதில்லை. ஆனால் 13 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது என்பதற்கு அது போதும்.

சாதாரண அழுத்தத்தில் வரும் க்ளாக்கோமாவில் அழுத்தத்தைக் குறைப்பது பயன் தருமா என்று சோதிக்கவே ஒரு பெரிய கூட்டு ஆய்வு நடந்தது. 1998இல் முடிவுகள் வெளியாயின. அழுத்தத்தை 30 சதவீதம் குறைத்த கண்களில் 12 சதவீதம் மோசமடைந்தன. சிகிச்சை தராத கண்களில் 35 சதவீதம் மோசமடைந்தன. அதே ஆய்வில், பெண்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், நரம்பு விளிம்பில் ரத்தக்கசிவு வந்தவர்கள் ஆகியோரிடம் நோய் வேகமாக நகர்வதும் தெரிந்தது. மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 16இலிருந்து 30 சதவீதம் குறைத்தால் 11 வரும். நீங்கள் 13இல் நிற்கிறீர்கள். உங்கள் வீட்டார் ‘சொட்டு மருந்து தேவையில்லை’ என்கிறார்கள். அறிக்கைகளைப் படித்த எனக்கோ ‘இந்தச் சிகிச்சை இன்னும் போதவில்லை’ என்றுதான் தோன்றுகிறது. அதனால்தான் உங்கள் தேனி மருத்துவர் இரண்டாவது சொட்டைச் சேர்த்தார். எண்ணம் சரி. எந்தச் சொட்டு, எந்த நேரம் என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது.

தூங்கும் நேரத்தில் நடப்பது

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி, “இரண்டு மாத்திரையையும் இரவு ஒன்பதரைக்குப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன்” என்பதுதான்.

இரவில் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் இறங்கும். பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயற்கை. சிலருக்கு 20 சதவீதத்துக்கும் மேலே இறங்குகிறது. கண் அழுத்தமோ நேர்மாறு: படுத்தவுடன் சில புள்ளிகள் ஏறும். மேலிருந்து தள்ளுவது குறைந்து, எதிர்த்து நிற்பது கூடும் நேரம் அது. ஆரோக்கியமான கண்ணில் நுண்குழாய்கள் தாமாகவே விரிந்து இதைச் சமாளித்துவிடும். க்ளாக்கோமா உள்ள பலரிடம் இந்தத் தன்னொழுங்கு பழுதாகியிருக்கிறது. குளிரில் விரல் வெளுத்து விறைப்பது, ஒற்றைத் தலைவலி, மெலிந்த உடல்வாகு, படுக்கையிலிருந்து எழுந்தால் தலைசுற்றல் எல்லாம் சேர்ந்து இருப்பவர்களிடம் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

இதோடு, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் உச்சத்தில் வேலை செய்வதும் அதே இரவு நேரத்தில் என்றால் என்ன ஆகும்? ஒரு பேச்சுக்கு, அதிகாலை மூன்று மணிக்கு உங்கள் கீழ் எண் 46ஆக இறங்கி, கண் அழுத்தம் 17ஆக ஏறினால், மிச்சம் 29. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் நடந்த கண் ஆய்வில் (1995), இந்த வித்தியாசம் 30க்கும் கீழே இருந்தவர்களிடம் க்ளாக்கோமா சுமார் 6 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. உங்கள் இரவு எண்கள் இவைதான் என்று நான் சொல்லவில்லை. அவற்றை யாரும் அளக்கவில்லை என்பதுதான் குறை. குமுளி மருத்துவர் உங்கள் ரத்த அழுத்தத்தைப் பகலில், பள்ளி முடிந்து மூச்சிரைக்கப் படியேறிப் போனபோது பார்த்திருக்கிறார். 150/90 இருந்ததால் அளவைக் கூட்டியிருக்கிறார். கிடைத்த எண்ணை வைத்து அவர் செய்தது நியாயம்தான். தேனி மருத்துவர் கண் அழுத்தத்தைப் பகலில் பார்த்திருக்கிறார். இருவரும் ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கவில்லை. ஒருவர் மலைக்கு மேலே, ஒருவர் கீழே. எல்லையோரத்தில் வாழும் நம் மக்கள் பலருக்கு நேர்வது இது: ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாநிலம், கண்ணுக்கு ஒரு மாநிலம், இரண்டு கோப்புகள், இரண்டு மொழிகளில் கிறுக்கல்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். குமுளி மருத்துவரிடம் உங்கள் கண் நோயின் பெயரையும் நரம்பில் ரத்தக்கசிவு வந்ததையும் சொல்லி, 24 மணி நேர ரத்த அழுத்தப் பதிவு எடுக்க ஏற்பாடு கேளுங்கள். கையில் பட்டையைக் கட்டி அனுப்புவார்கள். பகலும் இரவும் இடைவெளிவிட்டுத் தானாக அளந்து பதியும். தூக்கம் கொஞ்சம் கெடும், வேறு தொந்தரவு இல்லை. அதில் இரவு இறக்கம் அதிகம் என்று தெரிந்தால், மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று அவர் முடிவெடுப்பார். ‘இரவில் போட்டால்தான் இதயத்துக்கு நல்லது’ என்று சிலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பிரிட்டனில் 21,000 பேருக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ‘டைம்’ ஆய்வு (2022), காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம் தடுப்பதில் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. ஆகவே உங்களைப் போன்றவருக்குக் காலைக்கு மாற்றுவதால் இதயம் எதையும் இழக்கப் போவதில்லை. அந்த மாற்றத்தை மருத்துவர்தான் செய்ய வேண்டும். ‘ரத்த அழுத்தம் ஏறினால் கண்ணுக்கு நல்லதுதானே’ என்று மாத்திரையை விட்டுவிட்டு, உப்பைக் கூட்டிக்கொண்டு பக்கவாதத்தில் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீண்ட நாள் உயர் ரத்த அழுத்தம் அதே நுண்குழாய்களைத் தடிக்கச் செய்து கண்ணையும் கெடுக்கும்.

குறட்டை உண்டா என்று கடிதத்தில் இல்லை. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருவதாக வீட்டில் யாராவது கவனித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று ஒரு பரிசோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிமோலாலும் இளைப்பும்

கண்ணில் விடும் சொட்டு கண்ணோடு நின்றுவிடும் என்று நீங்கள் நினைத்ததால்தான் இளைப்பைப் பற்றிக் கண் மருத்துவரிடம் சொல்லவில்லை. பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சொட்டின் பெரும்பகுதி கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்குள் இறங்கி நேராக ரத்தத்தில் கலக்கிறது. டிமோலால் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தரக் கூடாத மருந்து. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். இரவில் விட்டால், ஏற்கெனவே சொன்ன இரவு இறக்கத்தை இன்னும் ஆழமாக்கலாம். அதோடு, தூக்க நேரத்தில் கண் அழுத்தத்தைக் குறைப்பதில் அது அவ்வளவு கெட்டியான மருந்தும் அல்ல. சாதாரண அழுத்த க்ளாக்கோமாவில் டிமோலாலையும் பிரிமோனிடினையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில் (2011), டிமோலால் போட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கும், பிரிமோனிடின் போட்டவர்களில் 9 சதவீதம் பேருக்கும் பார்வைப் பரப்பு மோசமடைந்தது. பிரிமோனிடின் ஒவ்வாமையால் பலர் நடுவில் விலகிவிட்டதால் அந்த எண்களை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் உங்கள் நிலையில் டிமோலால் என் முதல் தேர்வாக இருக்காது.

மாற்று வழிகள் இருக்கின்றன. பிரிமோனிடின் ஒன்று, கண் சிவப்பு, வாய் உலர்தல், சோர்வு வரலாம். டோர்சோலமைடு இன்னொன்று, வாயில் கசப்பு தட்டும், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வடிகால் பகுதியில் லேசர் சிகிச்சை செய்யலாம். தொடக்க அழுத்தம் குறைவாக உள்ளவர்களிடம் அதன் பலன் சிறிதுதான், ஆனால் உங்களுக்கு வேண்டியதே இரண்டு புள்ளிகள். இவை எல்லாம் செய்தும் மையத்தை நோக்கிக் குறை நகர்ந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கும். இன்று அந்த இடத்தில் நீங்கள் இல்லை.

எந்தச் சொட்டாக இருந்தாலும் ஒரு துளி போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரம் கண்ணின் உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடம்புக்குப் போவது குறையும், கண்ணில் நிற்பது கூடும். இரண்டு சொட்டுகளுக்கு நடுவே ஐந்து நிமிடம். கம்பத்துக்குப் போகும்போது லாட்டனோப்ரோஸ்ட் பாட்டிலை வெயிலில் நிற்கும் ஜீப்பில் விட்டுவிடாதீர்கள். சூடு பட்டால் அந்த மருந்து வீணாகிவிடும். பாட்டிலைத் திறந்தால் ஆறு வாரம்தான் கணக்கு.

கோட்டயத்து ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

அந்த ஸ்கேன் நுண்குழாய்களில் ஓடும் ரத்தத்தைப் படமாக்குகிறது. ஊசி, சாயம் எதுவும் வேண்டாம். நல்ல கருவிதான். ஆனால் ‘ரத்த ஓட்டம் குறைவு’ என்ற வரியைப் படித்துவிட்டு ‘அதனால்தான் நரம்பு செத்தது’ என்று முடிவு கட்டக் கூடாது. நரம்பு இழைகள் அழிந்த இடத்தில் ரத்தத்தின் தேவையும் குறைந்துவிடும், குழாய்களும் சுருங்கிவிடும். முதலில் எது, பின்னால் எது என்பதை ஒரு படம் சொல்லாது. உங்கள் சிகிச்சையை முடிவு செய்ய அந்தப் படத்தைவிட, நீங்கள் சலித்துக்கொள்ளும் பார்வைப் பரப்புப் பரிசோதனை எனக்கு முக்கியம். இருட்டறையில் பொத்தானை அழுத்திக்கொண்டு உட்கார்வது எரிச்சல்தான். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் ஐந்தாறு முறை, ஒரே கருவியில் எடுத்தால்தான் நோயின் வேகம் தெரியும். உங்களுக்குக் குறை மையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், மையத்தை மட்டும் நெருக்கமாகச் சோதிக்கும் வகையையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கோட்டயத்தில் ஒன்று, தேனியில் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் ஒப்பிடவே முடியாது. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். போய்வரச் சுலபமானது எதுவோ அதுவே நல்லது.

அறிக்கைகளின் நகல் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், நோயாளி கேட்டால் ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன. ஒரே கோப்பில் இரண்டு ஊர் அறிக்கைகளையும், மாத்திரைச் சீட்டுகளையும், வீட்டில் எடுத்த ரத்த அழுத்த எண்களையும் நேரம் குறித்துப் போட்டு வையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தக் கோப்பு முழுக்க மேசைக்குப் போகட்டும்.

ஜின்கோ, சிரசாசனம்

மைத்துனரின் அக்கறையை மதிக்கிறேன். ஜின்கோவைப் பற்றி 2003இல் இத்தாலியில் நடந்த ஒரு சிறு ஆய்வு நம்பிக்கை தந்தது. பிறகு 2014இல் வெளியான சீன ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் உண்டு. நரம்பு விளிம்பில் ஏற்கெனவே கசிவு வந்த ஒருவருக்கு நான் அதை எழுதித் தரமாட்டேன். கடையில் இலைப்படம் போட்டு விற்பதால் அது மருந்தல்ல என்று ஆகிவிடாது.

சிரசாசனம் கூடவே கூடாது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகப் பயிற்சியாளர்களிடமே அளந்து 2006இல் வெளியிட்டார்கள்: தலைகீழாக நின்றதும் கண் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. கண்ணுக்கு ரத்தம் பாயும் என்று நினைத்துச் செய்வது, அதை எதிர்த்து நிற்கும் அழுத்தத்தைத்தான் ஏற்றுகிறது. சர்வாங்காசனம், தலை கீழே தொங்கும் மற்ற நிலைகள், மூச்சை அடக்கிப் பாரம் தூக்குவது இவற்றையும் விட்டுவிடுங்கள். யோகா ஆசிரியரிடம் சொன்னால் உட்கார்ந்து செய்பவற்றை மட்டும் தருவார். தினமும் வேகமாக நடப்பது கண்ணுக்கும் நல்லது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடிக்கும் பழக்கம் இருந்தால், அதைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் கொஞ்ச நேரத்துக்குக் கண் அழுத்தம் ஏறும். படுக்கும்போது வலது கண் தலையணையில் அழுந்தும்படி ஒருக்களிக்க வேண்டாம்.

வேலையும் வண்டியும்

விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்க வேண்டாம் டீச்சர். கேரள அரசுப் பணியில் உங்களுக்கு 56 வயது வரை காலம் இருக்கிறது. இடது கண் நன்றாக இருக்கிறது, இரு கண்களும் சேர்ந்து பார்க்கும்போது வலது கண்ணின் குறை பெரும்பாலும் நிரம்பிவிடுகிறது. விடைத்தாள் திருத்துவதால் நரம்பு தேயாது. நல்ல வெளிச்சம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை பிற்காலத்தில் பார்வை குறைந்தாலும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் குறைபாடு வந்த அரசு ஊழியரை வேலையைவிட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ தடை விதிக்கிறது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். ‘கண்ணைக் காரணம் காட்டி அனுப்பிவிடுவார்கள், அதற்கு முன் நாமே போய்விடலாம்’ என்று சக ஆசிரியர் சொன்னது தவறான ஆலோசனை. கேரள அரசு ஊழியர்களுக்கான மெடிசெப் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளி சிகிச்சைக்கானது என்பதால் சொட்டு மருந்துச் செலவு உங்கள் கையில்தான் விழும். மாதக் கணக்கில் அதை ஒதுக்கி வையுங்கள். ஒரே மூலக்கூறில் விலை குறைந்த தயாரிப்பு இருக்கிறதா என்று மருத்துவரிடமே கேளுங்கள். மருந்துக்கடைக்காரர் தானாக மாற்றித் தருவதை வாங்க வேண்டாம்.

ஸ்கூட்டர் ஓட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பகலில், பழகிய சாலையில் பரவாயில்லை. மூடுபனியிலும் அந்தி நேரத்திலும் மலைப்பாதையில் நீங்களே ஓட்டி இறங்குவதைத் தவிர்த்து பஸ்ஸில் போங்கள்.

பிள்ளைகளும் தம்பியும்

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ க்ளாக்கோமா இருந்தால் மற்றவர்களைவிட அபாயம் பல மடங்கு கூடும். அப்படியிருந்தும் வரத்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் இரண்டு மகள்களும் இப்போது ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொண்டு, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்தால் போதும். எனக்கு அவசரமாகத் தோன்றுவது கம்பத்தில் இருக்கும் உங்கள் தம்பி. ஐம்பது வயது, சர்க்கரை நோய் இருக்கிறது, ‘கண் நன்றாகத்தான் தெரிகிறது’ என்று பரிசோதனைக்கு வர மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உடன்பிறந்தவருக்குத்தான் அபாயம் அதிகம். சர்க்கரைக்காக அவர் ஆண்டுதோறும் விழித்திரை பார்த்தே ஆக வேண்டும். அந்தச் சாக்கில் அழைத்துப் போங்கள். அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் எழுந்து வராதீர்கள். கருவிழியின் தடிமன், வடிகால் கோணம், பாப்பாவை விரித்துப் பார்வை நரம்பு, இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அக்காவுக்கு அழுத்தம் 16இலேயே வந்தது என்று மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.